ஓடுபாதையில் ஒரு வெள்ளை டப்பா

எங்கள் ஊருக்குப் பெயர் புவெர்த்தோ கால்மா. அமைதித் துறைமுகமாம். அந்தப் பெயரை வைத்த மகராசன் ஜூலை மாதத்தில், அதாவது உலகத்தின் தென்கோடியில் எங்களுக்கு நடுக்குளிர்காலத்தில், இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டான். காற்று அடித்தால் நாய் கூட சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அந்தக் காற்றோடு பனியும் சேர்ந்து வரும். அதைத் தள்ளி, விமானம் இறங்க இடம் பண்ணிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு.

மூன்று வண்டி, மூன்று பேர். முதல் வண்டி யமிலாவுடையது. முன்னால் அகலமான இரும்புத் தகடு வைத்துப் பனியைத் தள்ளிக்கொண்டு போவாள். அவளுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் நிகானோர். அவள் ஒதுக்கிய பனியை அவன் இன்னும் ஓரத்துக்குத் தள்ளுவான். கடைசியில் நான், டெல்மிரா. என்னுடையது துடைப்ப வண்டி. மிச்சம் மீதியை எல்லாம் பெருக்கி எறிவேன். வீட்டிலும் துடைப்பம், வேலையிலும் துடைப்பமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலை இங்கே எழுத முடியாது.

அந்தச் சனிக்கிழமை யமிலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லிசாந்த்ரோ கணவாய் மீன் பிடிக்கிற கப்பலில் சமையல்காரன். கல்யாணம் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. முதல் முறை கப்பல் திரும்பவில்லை. இரண்டாம் முறை கப்பல் திரும்பியது, இவனுக்கு மஞ்சள் காமாலை. இந்த முறை வடக்கே ஒரு துறைமுகத்தில் கப்பலின் உந்துவிசிறி பழுதானதில் மூன்று நாள் லீவு கிடைத்தது. திங்கட்கிழமை அவன் திரும்பக் கப்பலில் நிற்க வேண்டும். ஜலசந்தியைக் கடக்கிற படகு காற்றால் நின்றுபோயிருந்தது, அதனால் தரைவழி இல்லை. சனிக்கிழமை மத்தியான விமானம் ஒன்றுதான் வழி. அது இறங்காமல் திரும்பினால் கல்யாணம் வசந்த காலத்துக்குத்தான்.

"மூணாவது தடவையும் தள்ளிப்போச்சுன்னா நான் மடத்துல சேர்ந்துடுறேன்க்கா," என்றாள் யமிலா.

"உன் வாய்க்கு எந்த மடத்துலடி இடம் கொடுப்பாங்க?" என்றேன்.

மணப்பெண்ணுக்கு அன்று எதற்கு வேலை என்று கேட்பீர்கள். முதல் வண்டி ஓட்ட உரிமம் உள்ள இன்னொருவன் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். அவன் இருந்திருந்தாலும் இவள் விட்டிருக்க மாட்டாள். "என் ஆளு இறங்குற பாதையை வேற எவனும் தொடக்கூடாது" என்று ஒரே பிடிவாதம். கல்யாண உடுப்பு எங்கள் வண்டிக் கொட்டகையில், டயர் அடுக்குக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணத்தைப் பதிவு செய்கிற ஒத்திலியா அம்மா விமான நிலையக் கேன்டீனுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். பெண் வீட்டாரும் அங்கேதான். கேன்டீனில் எள் போட்டால் எள் விழாது.

காலையில் ஒரு முறை பாதையைத் தள்ளி முடித்தோம். வானம் நீலமாகத் திறந்தது. விமானம் வர இன்னும் நேரம் இருந்தது. கொட்டகைக்குள் மாத்தே என்கிற எங்கள் இலைத் தேநீர் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே குடுவை, ஒரே குழல், ஆளுக்கு ஒரு முறை கசப்பாக உறிஞ்சி அடுத்தவரிடம் கொடுப்போம். யமிலா மட்டும் உறிஞ்சாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏ பொண்ணே, அது குடிக்கிறதுக்கு. மைக் இல்ல, பிடிச்சிக்கிட்டு நிக்க," என்று அவள் கையிலிருந்து வாங்கினேன்.

அந்த நேரத்தில்தான் நிகானோர் வேலையைக் காட்டியிருக்கிறான். நாற்பது வயசு, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், புத்தி மட்டும் பள்ளிக்கூடத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறது. கல்யாண வண்டிக்குப் பின்னால் தகர டப்பா கட்டி லொடலொடவென்று ஊரைச் சுற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். இவன் பீச் பழ டப்பா ஏழு சேர்த்து வைத்திருந்தான். கல்யாணம் முடிந்ததும் யமிலா தன் பனி வண்டியிலேயே கொட்டகை முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது அவன் திட்டம். இனிமேல் வேலை இல்லை என்று நினைத்து, யாருக்கும் சொல்லாமல், ஏழு டப்பாவையும் அவள் வண்டியின் பின் கொக்கியில் கட்டிவிட்டான். கட்டிவிட்டுப் பொரித்த ரொட்டி தின்னப் போய்விட்டான்.

மேற்கே மலைக்குப் பின்னாலிருந்து கறுப்பாக ஒன்று எழும்பியது. டவரிலிருந்து எவரிஸ்தோவின் குரல் ரேடியோவில் வந்தது.

"யமிலா, பனி வருது. ஃப்ளைட்டும் வருது. எது முதல்லன்னு எனக்குத் தெரியலை."

ஓடினோம். வாயில் ரொட்டியோடு நிகானோர் ஓடினான். டப்பா அவன் ஞாபகத்திலேயே இல்லை.

பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. முன் வண்டி கிளப்புகிற பனித்தூளில் அதன் பின்பக்க விளக்கு மட்டும் மங்கலாக மினுங்கும். அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் ஓட்டுவோம். போய்த் திரும்பி, போய்த் திரும்பி, கறுப்புத் தார் ஈரமாக மின்னுகிற வரைக்கும் பெருக்கினோம். காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு கடல் பக்கம் போனது. நான் ரேடியோவில் பாட்டே பாடிவிட்டேன். எவரிஸ்தோ, "அக்கா, பைலட்டுக்கும் கேக்குது, பயந்து திரும்பிடப் போறான்" என்றான்.

பாதையின் முனையில் யமிலா வண்டியை நிறுத்தி, முன்கண்ணாடித் துடைப்பானில் ஒட்டிய பனிக்கட்டியைத் தட்ட இறங்கினாள். அப்படியே பின்பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

நான் இறங்கி ஓடினேன். கொக்கியில் கயிறு. கயிற்றில் டப்பாக்கள்.

"நிகானோர்! எத்தனை கட்டினே?" அவள் குரல் கீச்சிட்டது.

அவன் வந்து பார்த்தான். பேயறைந்த மாதிரி முகம் வெளுத்துப் போனது. "ஏழு."

எண்ணினோம். ஆறு.

எங்கள் தொழிலில் ஓடுபாதை மேல் ஒரு திருகாணி கிடந்தாலே குற்றம். விமானத்தின் எஞ்சின் எதையும் உள்ளே இழுத்துவிடும். ஒரு டப்பாவை இழுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அதுவும் என்ன கலர்னு சொல்லித் தொலை," என்றேன். மற்ற ஆறும் என் கண் முன்னாலேயே தொங்கின, ஆனால் ஆத்திரத்தில் கேட்டேன்.

"வெள்ளைக்கா. கல்யாணமாச்சேன்னு பெயின்ட் அடிச்சேன்."

"பனியில வெள்ளை டப்பா! உன்னைப் பெத்தவளுக்குக் கோயில் கட்டணும்டா!"

அப்போது ரேடியோ கரகரத்தது. "யமிலா, ஃப்ளைட் கிட்ட வந்தாச்சு. பாதை சுத்தமா? உன் வாயால சொல்லு, உன் மாப்பிள்ளையை இறக்கிடலாம்."

முதல் வண்டி ஓட்டுகிறவர் சொன்னால்தான் பாதை திறக்கும். இது விதி. நானோ நிகானோரோ சொல்ல முடியாது.

நிகானோர் முணுமுணுத்தான். "யமிலா... நான் தள்ளின பனியோட ஓரத்துக்குத்தான் போயிருக்கும். சத்தியமா. இது இறங்கலைன்னா உனக்கு..."

யமிலா வானத்தைப் பார்த்தாள். கடல் பக்கத்து மேகத்துக்கு மேலே எங்கேயோ எஞ்சின் சத்தம் கேட்டது. ரேடியோவை வாய்க்குக் கொண்டு போனாள்.

"எவரிஸ்தோ, பாதை சுத்தம் இல்லை. என் வண்டியில இருந்து ஒரு பொருள் விழுந்திருக்கு. இறக்காதே."

பிறகு எவரிஸ்தோ மெதுவாகச் சொன்னான். "அரை மணி நேரம் சுத்துறதுக்கு எரிபொருள் இருக்காம். அதுக்கு மேல திரும்பிடுவாங்க, தங்கச்சி."

அழுதால் நேரம் போகும் என்று அவளுக்குத் தெரியும். அழவில்லை. "தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடுங்க. எல்லாரும் வரிசையா நடங்க," என்றாள்.

எட்டுப் பேர் வந்தார்கள். பாதையின் அகலத்துக்குக் கை கோத்த மாதிரி வரிசை கட்டி, குனிந்த தலை நிமிராமல் நடந்தோம். ஓரத்தில் நாங்களே குவித்த பனிக்கரை இடுப்பளவு நின்றது. அதைக் குத்திப் பார்த்தோம், கிளறினோம். வெள்ளைக்குள் வெள்ளையை எங்கே போய்த் தேடுவது? பாதி நேரம் போனது. பாதிப் பாதை கூட முடியவில்லை. என் துடைப்பம்தான் அதை எங்கேயோ வீசிவிட்டதோ என்று பனிக்கரையை இன்னும் ஆழமாகக் குத்தினேன். தலைக்கு மேல் அந்த எஞ்சின் சத்தம் வந்து வந்து போனது. ஒவ்வொரு முறையும் யமிலாவின் தோள் குறுகியது.

அப்போது நிகானோர், வாழ்நாளில் வாயை மூடியறியாத அந்த மனிதன், திடீரென்று கையைத் தூக்கினான்.

"அக்கா, எல்லா வண்டியையும் நிறுத்தச் சொல்லு. தீயணைப்பு வண்டியையும்."

"எதுக்குடா?"

"இந்தக் காத்துல டப்பா சும்மா கிடக்குமா? உருளும். எதுலயாவது போய் முட்டும். முட்டினா சத்தம் போடும். கண்ணால தேடாதீங்க, காதால தேடுங்க."

அவன் சொன்னதில் அறிவு இருந்தது. எனக்கே ஆச்சரியம். எல்லா எஞ்சினையும் அணைத்தோம். ஒருவர் மூச்சு விடவில்லை. காதை மறைத்த கம்பளித் தொப்பியைக் கழற்றினேன், காது விறைத்துப் போனது. காற்று மட்டும் ஊளையிட்டது. விமானம் தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தது, அதுவும் கேட்கவில்லை.

டிங்.

யாரும் அசையவில்லை.

டிங். டிங்.

"இடது பக்கம்!" என்று கத்திக்கொண்டு யமிலா ஓடினாள். அந்தக் கனத்த பூட்ஸோடு அப்படி ஓட முடியும் என்று நான் நினைத்ததில்லை. பாதை ஓரத்து விளக்குத் தண்டுக்கும் பனிக்கரைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு, காற்று தள்ளத் தள்ள அந்த வெள்ளை டப்பா இரும்பில் முட்டிக்கொண்டிருந்தது. அவள் அதன் மேல் விழுந்தாள். விழுந்தபடியே டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். தீயணைப்புக்காரர்கள் கால்பந்தில் கோல் விழுந்த மாதிரி கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நிகானோர் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டேன். பிறகு அதே கையால் தடவியும் கொடுத்தேன். என்ன செய்ய?

எல்லாரையும் பாதையை விட்டு வெளியே அனுப்பி, தலையை எண்ணிவிட்டு, யமிலா ரேடியோவை எடுத்தாள். "பாதை சுத்தம், எவரிஸ்தோ. இப்ப சத்தியமா சுத்தம்."

விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, பாதையில் உட்கார்ந்து, எங்களைத் தாண்டி ஓடியது. ஜன்னல்களில் முகம் முகமாகத் தெரிந்தது. யமிலா அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி அழுதாள்.

உடுப்பு மாற்ற நேரம் இல்லை. ஒத்திலியா அம்மா பதிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார். "எனக்கு நாலு மணிக்கு இன்னொரு ஜோடி இருக்கு. எண்ணெய் வாசனை எனக்குப் பழகிடும், ஆரம்பிக்கலாம்," என்றார். யமிலா ஆரஞ்சு வேலை உடுப்பில், முழங்காலில் பனி ஒட்டியிருக்க நின்றாள். லிசாந்த்ரோ கோட்டு போட்டிருந்தான், டை கோணலாக இருந்தது.

"லிசாந்த்ரோ, இந்தப் பொண்ணை மனைவியா ஏத்துக்கிறியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம். பயல் பேச ஆரம்பித்துவிட்டான்.

"அம்மா, மேல நாங்க சுத்திக்கிட்டே இருந்தோம். ஆளாளுக்குக் கத்துனாங்க. நானும் கத்துனேன், கீழ என்னடா பண்றாங்கன்னு. அப்ப கேப்டன் மைக்ல சொன்னாரு. 'பாதையில ஏதோ கிடக்குதுன்னு முதல் வண்டி ஓட்டுற பொண்ணே சொல்லியிருக்கா. இந்த ஃப்ளைட் இறங்கலைன்னா அவ கல்யாணமே நின்னுடுமாம், டவர்ல சொன்னாங்க. அப்படி இருந்தும் இல்லைன்னு சொன்னவ, சரின்னு சொன்னா நான் யோசிக்காம இறக்குவேன்' அப்படின்னாரு." கோணல் டையை இழுத்து விட்டுக்கொண்டான். "ஃப்ளைட்ல ஒருத்தர் பேசலைம்மா. எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா கைக்குழந்தையோட இருந்தாங்க. என் கையைப் பிடிச்சிக்கிட்டு, 'யாருப்பா கட்டிக்கப் போறது அவளை, குடுத்து வச்சவன்' அப்படின்னாங்க. நான்தான்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

"இப்ப வருதா இல்லையா?" என்றார் ஒத்திலியா அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஏத்துக்கிறேன். ஏத்துக்கிறேம்மா."

யமிலா கேள்வி முடிவதற்குள் ஆமாம் என்றாள். கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்ததும் அவளுடைய மாமா சட்டைப் பையிலிருந்து அரிசிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார், மணமக்கள் மேல் தூவ.

"மாமா!" என்று யமிலா போட்ட கூச்சலில் அவர் கை அப்படியே நின்றது. "விமானம் நிக்கிற இடத்துல ஒரு மணி அரிசி விழுந்தா அத்தனை பறவையும் வரும், எஞ்சின்ல மாட்டும்! உள்ள வைங்க!"

கல்யாணமாகி ஒரு நிமிஷம் ஆகவில்லை. லிசாந்த்ரோ என்னைப் பார்த்தான். "வீட்டுலயும் இப்படித்தானாக்கா இருப்பா?"

"இதைவிட மோசமா இருப்பா," என்றேன். குனிந்து இரண்டு கையாலும் பனியை அள்ளி அவர்கள் தலையில் போட்டேன். எத்தனையோ குளிர்காலம் அதைத் திட்டித் திட்டியே தள்ளியவள் நான். அன்றைக்கு எல்லாரும் அள்ளி அள்ளிப் போட்டோம், ஒத்திலியா அம்மாவும்தான், கழுத்துக்குள் போய் அவர்கள் இரண்டு பேரும் ஐயோ குளிருதே என்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளும் வரைக்கும்.