எழுந்திருக்காத ஆள்

கிடங்கில் பெட்டி இறக்குகிறவர்களின் கூடைப்பந்து அணியில் மச்சானுக்கு நிரந்தர இடம் ஒன்று இருந்தது: பெஞ்சின் கோடி. மேஸ்திரியின் பெண்டாட்டியோடு பிறந்தவன் அவன். மேஸ்திரிக்கு மட்டும்தான் மச்சான் முறை, ஆனால் போகப் போகக் கிடங்கே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அணிக்கும் மேஸ்திரிதான் கோச். அந்த ஆண்டு முழுக்க அவனை ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை.

"டவல் பிடிக்கத்தானே போற? அதுக்கு எதுக்கு ஷூவை இந்தத் தேய் தேய்க்கிற?" என்று கேட்ட மச்சானின் மனைவி, அரையிறுதி அன்று தானும் வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். கடைசிப் பகுதியில் இறக்குவதாக மேஸ்திரி வாக்குக் கொடுத்திருந்தார்.

அதையும் மச்சான் தன் வாயாலேயே கெடுத்துக்கொள்ளப் பார்த்தான். "அண்ணே, கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று நடுவரைப் பார்த்துக் கத்தினான். விசில் ஊதியது. பெஞ்சில் இருப்பவன் செய்யும் தப்பு கோச்சின் பெயரில்தான் ஏறும். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதுவும் உள்ளே போயிற்று.

"வாய் உன்னுது, ஃபவுல் எனக்கா?" என்றார் மேஸ்திரி. "இனிமே கூரை இடிஞ்சு விழுந்தாலும் எழுந்திருக்கக் கூடாது."

"சரி மாமா."

மூன்றாம் பகுதி முடிகிற நேரம். கூடைக்குக் கீழே எதிரணி நெட்டையன் பனியனைப் பிடித்து இழுக்க, கிடங்கு ஆள் கையை ஓங்கிவிட்டான். அடிதடி. விலக்கிவிட மேஸ்திரி ஓடினார். கோச் போகலாம், விதி விடும். பெஞ்சில் இருக்கும் ஆட்டக்காரர்கள் கோட்டைத் தாண்டினால் வெளியே போக வேண்டியதுதான். எதிரணி பெஞ்ச் அசையவில்லை.

கிடங்கிலோ வேறு பழக்கம். அடுக்கு சரிந்து மேஸ்திரி ஓடினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, ஓடிப்போய்த் தோள் கொடுப்பார்கள். கொடுக்காதவனோடு பிறகு யாரும் ஜோடி சேர்ந்து தூக்குவதில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் அப்படித்தான் எழுந்தார்கள், யோசிக்கக்கூட இல்லை. முதலில் ஓடியவர், கிடங்கில் எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர், மச்சானோடு ஜோடியாகத் தூக்குகிறவர்.

மச்சானின் முழங்காலும் பாதி நிமிர்ந்துவிட்டது. பெஞ்சுப் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்துகொண்டான்.

பெஞ்சிலிருந்து ஓடியவர்கள் அத்தனை பேரையும், அடித்துக்கொண்ட இருவரையும் நடுவர் வெளியேற்றினார்.

"ஏண்டா, நீ வரல?" என்றார் சித்தப்பா, பையை எடுத்துக்கொண்டே. கோபமாகக் கேட்கவில்லை.

"மாமாதான் உக்காரச் சொன்னாரு."

"அதுவும் சரிதான்."

மீதி ஆட்டத்துக்கு ஐந்தாவது ஆள் மச்சான்தான், வேறு யாரும் இல்லை. இரண்டு தடவை பந்தைத் தவறவிட்டான், ஒரு தடவை கூடையில் போட்டான். ஜெயித்தார்கள். படியில் மனைவி எழுந்து நின்று கைதட்டினாள்.

மறுநாள் காலை லாரி வந்தது. "இவனும் எழுந்திருந்தா நாலு பேரை வெச்சுக்கிட்டு நாக்கு வழிச்சிருக்கணும்" என்று மேஸ்திரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். சித்தப்பாவும் ஆட்டினார். ஆட்டிவிட்டு வேறொருவனைக் கூப்பிட்டு அவனோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மச்சான் ஒரு பெட்டியின் இந்தப் பக்கம் நின்றான். அந்தப் பக்கத்துக்கு யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேஸ்திரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"குனிடா," என்றார்.

அன்று முழுக்க மேஸ்திரி தூக்கினார். அதற்கு அடுத்த நாளும் தூக்கினார்.