எட்டணா வாரம்

1959-ஆம் வருஷம் ஆடி மாதத்தில், கொடைக்கானல் ஏரிச் சாலையில் குடியிருந்த பெண்களுக்கு ஏழைகளின் மேல் அக்கறை பிறந்தது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, சீட்டாட்டமும் அலுத்துப்போயிருந்தது. அக்கறை பிறக்க வேறென்ன வேண்டும்? ஓர் ஏழைக் குடும்பம் சாப்பாட்டுக்குச் செலவழிக்கிற காசிலேயே ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்ப்பது, பிறகு மாதர் சங்கக் கூட்டத்தில் அதைச் சொல்லி மற்றவர்களின் கண்ணைத் திறப்பது என்று தீர்மானம் போட்டார்கள். முதல் ஆளாக முன்வந்தவள் கான்ட்ராக்டர் குருநாதனின் மனைவி தமயந்தி.

எவ்வளவு காசு என்று கேட்க தமயந்தி வெகுதூரம் போகவில்லை. அடுப்படியில் நின்ற சமையல்காரி வேலுத்தாயிடமே கேட்டாள். வேலுத்தாய் வீட்டிலும் நாலு பேர், தமயந்தி வீட்டிலும் நாலு பேர், கணக்குக்குத் தோதாக இருந்தது. சாப்பாட்டுக்கு நாளைக்கு எட்டணா ஆகும் என்று வேலுத்தாய் சொன்னாள். அது பொய்யில்லை. கேட்டது காசைப் பற்றி, அவள் சொன்னதும் காசைப் பற்றித்தான்.

தமயந்தி பழனி அடிவாரத்தில் பிறந்தவள். காவடி எடுத்து வருகிறவர்கள் எந்த நேரத்திலும் வாசலில் வந்து நிற்பார்கள் என்பதால், அவள் பிறந்த வீட்டில் எப்போதும் இரண்டு ஆள் சோறு கூடுதலாக வடிப்பார்கள். வாழ்க்கைப்பட்டு மலைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. இந்தக் குளிரில் எந்தக் காவடி ஏரிச் சாலைக்கு வரப்போகிறது? தினமும் அந்த இரண்டு ஆள் சோறும் குழம்பும் வேலுத்தாயின் தூக்குவாளிக்குள் இறங்கி, செண்பகனூர் ரோட்டோரத்து லயன் வீட்டுக்குப் போய், நாலு பேருடைய ராச்சாப்பாடாக ஆகும். ஆறு வருஷமாக இப்படித்தான். அதைச் சம்பளம் என்று தமயந்தியும் நினைத்ததில்லை, தானம் என்று வேலுத்தாயும் நினைத்ததில்லை. சாமி பேரால் வடித்தது, மிஞ்சியது, வாளிக்குப் போனது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை தமயந்தி எட்டணாவுக்குக் கேழ்வரகு மாவும் கீரையும் கொஞ்சம் நொய்யும் வாங்கி வைத்தாள். சாயங்காலம் வேலுத்தாய் வழக்கம்போல இரண்டு ஆளுக்குச் சேர்த்து அளக்கப் போனபோது தடுத்துவிட்டாள்.

"இந்த வாரம் வேண்டாம் வேலுத்தாயி. தனக்கு மிஞ்சித்தானே தானம்? ஏழை வீட்ல மிச்சம் ஏது?"

அதைச் சொல்லும்போது தமயந்தியின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. ஏழையாக இருப்பது தனக்கு நன்றாகவே வருகிறது என்று தோன்றியிருக்கும்.

வேலுத்தாய் வெறும் வாளியோடு வீட்டுக்கு நடந்தாள். புருஷன் ஆண்டிச்சாமி மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிறவன். மழையில் லாரி மலையேறாததால் அவனுக்குப் பத்து நாளாகக் கூலி இல்லை. மத்தியானக் கூழில் மிஞ்சியதைத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பெண்கள் இரண்டு பேருக்கும் ஊற்றினாள். சின்னவள் வடிவு வாளியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூடி வைத்தாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று வேலுத்தாய்க்கு இருந்தது.

வேலுத்தாயாவது தமயந்தியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய சோறு இல்லை அது. கேட்காமல் வந்ததை, நின்ற பிறகு ஏன் நின்றது என்று எந்த முகத்தோடு கேட்பது? ஏழு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

பெரிய வீட்டில் எட்டணா வாரம் நன்றாகவே நடந்தது. குருநாதன் இரண்டாம் நாளே பஜார் ஓட்டலில் தோசை தின்ன ஆரம்பித்துவிட்டார். பையன்களுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பேக்கரி இருந்தது. தமயந்தி மட்டும் ஏமாற்றாமல் சாப்பிட்டாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். உடம்பு லேசாக இருக்கிறது, தலைவலிகூடப் போய்விட்டது என்று நோட்டில் எழுதி வைத்தாள். அவளுக்குக் கூழ் காய்ச்சிக் கொடுத்த வேலுத்தாய்க்கு நாலாம் நாளிலிருந்து நிமிர்ந்தால் கண் இருட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்கக் கூட்டம். கணக்குச் சொன்னவள் என்பதால் வேலுத்தாயையும் கூட்டிப்போய்ச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். ஊருக்குப் போகிற நாளைப் பிள்ளைகள் எண்ணுவதுபோல அவளும் அந்த ஞாயிறை எண்ணிக்கொண்டிருந்தாள். தமயந்தி நோட்டைப் பார்த்து வாசித்தாள். எட்டணாவில் நாலு பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம், சிக்கனமும் மனசும்தான் வேண்டும் என்று முடித்தபோது நல்ல கைதட்டல். இதை எல்லார் வீட்டிலும் ஒரு மாதம் செய்தால் என்ன என்று தலைவி எழுந்து கேட்டார். தமயந்தி உடனே சம்மதித்தாள். மறுபடியும் கைதட்டினார்கள்.

வேலுத்தாய் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் தான் எழுந்திருப்பதே அவளுக்குத் தெரிந்தது.

"அம்மா, அந்த எட்டணா எங்க காலைக்கும் மத்தியானத்துக்குந்தாங்க. ராச்சோறு உங்க வீட்டுச் சோறுங்க. ஆறு நாளா வாளி வெறுசாப் போவுது. எம்புள்ளைக வெள்ளனே தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக் கெடக்குதுக. ஒரு மாசம் எங்களால ஏலாதுங்கம்மா."

தமயந்தி கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள், பிறகு வேலுத்தாயைப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. முகம் வெளிறிப் போயிற்று. ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று மெல்லக் கேட்டாள். வேலுத்தாய் மறுபடி சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். பின்வரிசையில் ஒரு டீச்சரம்மா விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, அப்படியானால் ராத்திரிக்கும் சேர்த்து மாதம் இருபது ரூபாய்க்கு மேல் ஆகுமே, இந்த அம்மாவுக்கு என்ன சம்பளம் என்று கேட்டாள். பதினைந்து ரூபாய் என்று தமயந்திதான் சொல்ல வேண்டும். அவள் சொல்வதற்குள் தலைவி, டீ ஆறுகிறது, எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அங்கே இருந்த ஒவ்வொருத்தி வீட்டிலும் ஒரு சமையல்காரி இருந்தாள். எல்லாரும் டீ எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாதத் திட்டம் அதோடு போயிற்று. வாசலில் செருப்பு மாட்டும்போது தமயந்தி வேலுத்தாயின் தோளைத் தொட்டாள்.

"எனக்குத் தெரியாமப் போச்சு வேலுத்தாயி. இன்னைக்கு ராத்திரியிலிருந்தே பழையபடி ரெண்டு ஆள் சோறு சேத்து வடிச்சிரு."

"சரிங்கம்மா," என்றாள் வேலுத்தாய். அந்த நிமிஷம் அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. ஓடிப்போய் உலை வைக்க வேண்டும் போலிருந்தது. ஏரிக்கரையில் பாதி தூரம் வந்த பிறகுதான், அந்தச் சோற்றுக்கா இப்படிச் சந்தோஷப்பட்டோம் என்று நெஞ்சில் தைத்தது. குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, முன்னால் போகிற தமயந்திக்குக் கேட்காமல் அழுதுகொண்டே நடந்தாள்.