கஞ்சி ஊற்றிய வண்டி

பாம்... பாம்... பாம்! வாசலில் ஹாரன் அலறிய அலறலில் என் கை நழுவி, பள்ளிச் சீருடைக் காலரில் தையல் கோணிக்கொண்டு ஓடியது.

எட்டிப் பார்த்தேன். வெள்ளை வேன் ஒன்று பளபளவென்று நின்றிருந்தது. ஓட்டுகிற பக்கத்திலிருந்து என் தம்பி குதித்தான். இன்னொரு பக்கத்திலிருந்து என் கணவர் நிதானமாக இறங்கினார்.

"அக்கா! எப்படி இருக்கு நம்ம வண்டி?"

"நம்ம வண்டியா? இன்னும் கையெழுத்தே போடலையேடா!"

"சாயங்காலம் போட்டுடுவேன். காலையிலேயே வேலைய விட்டாச்சு. இனிமே உங்க ரொட்டிய வேற ஆள வெச்சு அனுப்புங்கன்னு முதலாளி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்."

பதினோரு வருஷம் ரொட்டிக் கம்பெனி வேனை ஓட்டியவன். சொந்த வண்டி வாங்கப்போகிற குஷியில் தரையில் கால் பாவவில்லை. என் கணவர் பழைய வண்டித் தரகர். வண்டி பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான்.

"ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தியா?"

"அத்தான் இருக்கும்போது மெக்கானிக் எதுக்கு? நீ வேற!"

அப்போது கணவரின் போன் அடித்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றபடியே பேசினார்.

"ம்... விருந்து வீட்லதான் இருக்கு. டாக்டர் யாரும் இல்ல. கஞ்சி ஊத்தினது சாயங்காலம் வரைக்கும் தாங்கும், முடிச்சிடலாம்."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டார்.

தம்பி சிரித்தான். "உங்க தரகர் பாஷை கடவுளுக்கே புரியாது அத்தான்!"

கடவுளுக்குப் புரியாமல் இருக்கலாம். எனக்குப் புரிந்தது.

கல்யாணமான புதிதில் நான் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தினம் ஒரு வார்த்தை சொல்லித் தருவார். வாங்க வருகிற ஆள், விருந்து. அவன் கூட்டி வரும் மெக்கானிக், டாக்டர். தேய்ந்துபோன இன்ஜினில் கெட்டி ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கினால் அது கஞ்சி. இன்ஜின் நன்றாகச் சூடேறினால் கஞ்சி இளகிவிடும், பழைய சத்தம் வெளியே வந்துவிடும். அதனால் விருந்தை நாலு தெருவுக்கு மேல் ஓட்ட விடமாட்டார்கள்.

"கூடப் பிறந்தவங்ககிட்டகூட இதெல்லாம் சொல்லமாட்டோம். உனக்கு மட்டும்தான்" என்பார். எனக்குப் பெருமை பிடிபடாது. விசேஷ வீடுகளில் பவுடரை அப்பிக்கொண்டு வரும் பெரியத்தையைப் பார்த்து "கஞ்சி" என்று அவர் காதைக் கடிப்பேன். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

எனக்கும் தெரியும் என்பதையே இப்போது மறந்துவிட்டாரா?

நேரே கேட்டால் மழுப்புவார். தம்பி அவரைத்தான் நம்புவான்.

"டேய், ஆறு மூட்டை சீருடை இருக்கு. மேட்டு ரோட்டு உச்சியில இருக்கிற பள்ளிக்கூடத்துல இறக்கணும். உன் வண்டியிலயே ஏத்து."

கணவர் குறுக்கே வந்தார். "அவ்ளோ தூரம் எதுக்கு? ஆட்டோ சொல்றேன். வண்டி இன்னும் மச்சான் பேருக்கு மாறல."

"தெருவே அதிர ஹாரன் அடிச்சப்ப மட்டும் மாறியிருந்துச்சா?"

"விடுங்கத்தான், முதல் சவாரி அக்காவுக்குத்தான்!" என்று தம்பி மூட்டையைத் தூக்கிவிட்டான்.

முதல் பத்து நிமிஷம் வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. தம்பி தன் மகள் பெயரைக் கண்ணாடியில் எழுதுவதா, கதவில் எழுதுவதா என்று கேட்டுக்கொண்டே வந்தான். மேடு தொடங்கியது. பாதி ஏறியதும் எங்கோ அடியில் ஒரு 'டக்'. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. பிறகு டக் டக் டக் என்று நிற்காமல் அடித்தது. பின்னால் நீலப் புகை.

தம்பி ஓரங்கட்டினான். பதினோரு வருஷம் ஓட்டியவனுக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இன்ஜினே போச்சுக்கா." ஸ்டியரிங்கில் ஒரு தட்டு தட்டினான். "பாவம், அத்தானையே ஏமாத்திட்டானுங்க."

"விருந்துன்னா யாருன்னு நெனைச்ச? நீதான்டா" என்றேன். மற்ற வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவன் வண்டியைத் திருப்பினான். மூட்டைகளை இறக்க வேண்டும் என்பது எனக்கும் தோன்றவில்லை.

சத்தம் எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. கணவர் வாசலில் நின்றிருந்தார். தம்பி அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்து, சாவியை என் தையல் மிஷின் மேல் வைத்தான். வந்த வழியே நடந்தான். ரொட்டிக் கம்பெனிக்குத்தான் போவான், காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க.

"என்னங்க, என்னை வெச்சுக்கிட்டே எப்படிப் பேசினீங்க? எனக்குப் புரியும்னு மறந்துட்டீங்களா?"

ஏமாற்றப்பட்டவர் அவர்தான் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"மறக்கல. உன்னை வெளியாளா நெனைச்சிருந்தா, உன் எதிர்ல அந்த வார்த்தைய விட்டிருப்பேனா?"