மிதிக்க ஓர் ஆள்

பிரேக் வேலைக்கு மெக்கானிக் எழுதித் தந்த தாளில் இரண்டு ஆள் கூலி இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒரு காருக்கு எதுக்குங்க ரெண்டு ஆளு?"

"பிரேக் குழாய்ல காத்து ஏறினதாலதான் பெடல் மெத்துனு அமுங்குது, அதை எடுக்கணும்க்கா. நான் கீழ திருகைத் தொறக்கும்போது மேல ஒருத்தர் பெடலை மிதிச்சுப் பிடிக்கணும். வீட்ல ஆள் இருந்தா நீங்களே பண்ணிக்கலாம்."

"ஆளுக்கு என்ன பஞ்சம்?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, திருகில் ஸ்பானரை மாட்டியபோதுதான் என் கை இங்கேயும் பெடல் அங்கேயும் இருப்பது உறைத்தது. துடைப்பக் கட்டையை முட்டுக்கொடுத்தேன், வழுக்கி விழுந்தது. போனில் பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தேன். பேசியே வருடக்கணக்காகிறவர்களிடம் எடுத்த எடுப்பில் வந்து பெடலை மிதி என்றா கேட்பது?

மறுநாள் வீம்பை மூட்டை கட்டிவிட்டு மெக்கானிக்கிடம் போய் நின்றேன். "ஒரு ஆள் கூலி போடுங்க. மிதிக்க நான் இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சக்கரத்தருகே குனிந்து, "மிதிங்க" என்றார்.

"மிதிச்சிட்டேன்."

"விடுங்க."

"விட்டுட்டேன்."

நாலு சக்கரத்துக்கும் இப்படியே. ஒரே நாளில் நான் இத்தனை பதில் சொல்லி எவ்வளவு காலமாயிற்று.

"முடிஞ்சதுக்கா. பெடல் எப்படி இருக்கு?"

காலடியில் பெடல் கல்லாட்டம் நின்றது.

"இன்னும் காத்து இருக்கற மாதிரி இருக்கு" என்றேன். "இன்னொரு தடவை பாத்துடுங்களேன்."