சரிவில் ஓடிய பால்

ஆழாக்கின் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் நாற்பத்தொரு நாள் பால் ஓடியது. கொட்டகையில் மாடுகள் ஆறுதான். ஆறும் சேர்ந்து ஒரு மாதம் கறப்பதைவிட அதிகமாக ஒரே காலையில் ஓடியது. பால்மானி வைத்துப் பார்த்தார்கள், சொட்டுத் தண்ணீர் கலப்பில்லை. முதலில் தெருவே குடத்தோடு வந்தது. பிறகு பூனைகள் நடக்கவே சோம்பின. அதற்கும் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தயிர் விலை மட்டும் கொஞ்சம் இறங்கியது. அளப்பதில் கை இறுக்கம் என்பதால் ஆழாக்கு என்று பெயர் வாங்கியவர், வாய்க்காலை சிமென்ட் வைத்து அடைத்தார். பால் அதன்மேல் ஏறி ஓடி, சரிவில் அடுத்த வீட்டு அக்காவின் வாசலில் போய்த் தேங்கியது.

இதற்கெல்லாம் முன்பு, பெருந்தொற்று வந்த வருடம் டீக்கடைகள் மூடின, பால் வண்டி நின்றது. கறந்ததை ஊரெங்கும் வாய்க்காலில் கொட்டினார்கள்; இந்தத் தெருவில் மாடு இருந்தது ஆழாக்கு வீட்டிலும் அக்கா வீட்டிலும் மட்டுமே. கொட்டிய பாலுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. பார்க்க வந்த அதிகாரி முகக்கவசத்தை இறக்காமல் தெருமுனையிலேயே நின்று, வெள்ளை எந்த வீட்டில் தொடங்குகிறதோ அந்த வீட்டுக்கு எழுதிக்கொண்டார். அது மேட்டில் இருந்த ஆழாக்கின் வீடு. தன் இரண்டு மாட்டுப் பாலையும் காலையிலேயே கொட்டியிருந்த அக்கா கையைக் கட்டிக்கொண்டு தன் பெயரையும் எழுதச் சொன்னாள். "மேல் வீட்டுப் பாலைக் காட்டி நீ ஏம்மா பணம் கேக்குற?" என்றார் அதிகாரி. தெரு சிரித்தது. அடுத்த மாதம் அவள் மாடுகளை விற்றாள். நிவாரணப் பணத்தில் அவற்றை வாங்கியவர் ஆழாக்கு. மறு வாரமே அந்தக் கொட்டகையில் சாணி அள்ளும் வேலையும் அவளுக்குக் கிடைத்தது. அவள் உள்ளே வந்தால் அந்த இரண்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பும். ஆழாக்கின் மனைவி அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குள் போய்விடுவாள்.

பால் ஓடிய கடைசி நாள் காலை அவளால் போக முடியவில்லை. அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு வழியில் நின்றாள்.

"ஏன் தங்கச்சி, அன்னைக்கு நீங்க கொட்டின பாலத்தான் பூமி திருப்பித் தருதாமே. கொடுத்துவச்சவங்க."

"மெதுவாப் பேசுங்கக்கா."

"ஏன், கண்ணு பட்டுடுமா? அந்தப் பூனையப் பாரு, புது மாப்பிள்ளை மாதிரி நடக்குது. எனக்கும் ஒரு வழி காட்டினீங்க. நான் மறப்பேனா?"

உள்ளேயிருந்து ஆழாக்கு இருமினார். அது இருமல் இல்லை என்று மனைவிக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அக்காவிடம் வாங்கிய இரண்டு மாடும் போகும், தெருவில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் அக்கா தினமும் வந்து நன்றி சொல்வாள். பால் இருவர் காலையும் நனைத்துக்கொண்டு போனது. மனைவி குனிந்து அதையே பார்த்தாள்.

"நாங்க கொட்டலக்கா" என்றாள். "பால் பூராவும் கொரோனா முகாம் சமையலுக்கு வித்துட்டோம். அன்னைக்கு வாய்க்கால்ல விட்டது சுண்ணாம்புத் தண்ணி. அந்த ஆபீசர் பார்த்த பாலு உங்களுது மட்டுந்தான்."