பிரேமலாவின் பெலாஞ்சா

மலேசியாவில், மாசாய் பக்கத்துத் தொழிற்சாலைகளில் யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தாலும் பெலாஞ்சா கொடுக்க வேண்டும். கூட வேலை செய்பவர்களுக்குத் தன் செலவில் ஒருவேளைச் சாப்பாடு. கொடுக்காதவரைக் கஞ்சன் என்று காலம் முழுக்கப் பேசுவார்கள். பிரேமலா செய்த தவறு, பெயரை அறிவிக்கும் முன்பே சமைத்ததுதான்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவள் வேலை கற்றுக்கொடுத்த பெண்கள் ஒவ்வொருத்தியாக லைன் லீடராகி அவளையே வேலை வாங்கினார்கள். இந்த முறை சூப்பர்வைசர் கமலநாதன் தானாகவே கூப்பிட்டு, "இந்தத் தடவை உனக்குத்தான் லா, நாளைக்கு மீட்டிங்ல சொல்லிருவாங்க" என்றார். நம்ம ஆள் சொல்கிறாரே என்று நம்பிவிட்டாள். நம்ம ஆளை நம்பி மோசம் போனவர்களைக் கூட்டினால் பாசிர் கூடாங் ஊரே கொள்ளாது.

கணவர் ஜெயபாலன் உருளைக்கிழங்கு மசித்துக் கொடுக்க, விடியும் முன்பே எழுந்து கறிபாப் பொரித்தாள். அரிசிச் சேமியா வாங்கி மீஹூனும் பிரட்டினாள். பெரிய டப்பாக்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாள்.

மீட்டிங்கில் மேனேஜர், சியூ லிங்கின் பெயரைச் சொன்னார். நேற்றுவரை பிரேமலாவிடம் வேலை பழகிய சீனப் பெண். லீடருக்கு மாண்டரின் தெரிய வேண்டுமாம். லைனில் நிற்பதெல்லாம் மலாய்க்காரர்கள், நேப்பாளிகள், தமிழர்கள். இவர்களில் யாரோடு மாண்டரின் பேசுவது என்று கேட்க ஒருவருக்கும் வாயில்லை. பிரேமலாவுக்கு அழுகைகூட வரவில்லை. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

டப்பாக்களைப் பார்த்துவிட்ட கமலநாதன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "புது லீடருக்காக நீ கொண்டாந்ததுன்னு சொல்லிட்டேன். அப்படியே விட்டுரு பிரேமலா. உன் மானமும் போவாது."

நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்தார். அதுதான் கொடுமை.

எல்லாரும் சாப்பிட்டார்கள். கறி வாடை குமட்டுகிறது என்று முன்பொரு நாள் அவளைச் சாப்பாட்டு அறையிலிருந்து மாடிப்படிக்கு விரட்டிய அதே மேனேஜர், திரும்பத் திரும்பக் கறிபாப் எடுத்துத் தின்றார். வீட்டுக்கும் கொஞ்சம் கட்டச் சொன்னார். கட்டிக் கொடுத்தாள். சியூ லிங் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். பாவம், மனசாரத்தான் சொன்னாள். ரிப்போர்ட் எழுத மட்டும் இன்னும் சரியாக வரவில்லை, கற்றுக்கொடுக்க முடியுமா என்று மலாயில் கேட்டாள். முடியாது என்று சொல்லத்தான் பிரேமலா வாயைத் திறந்தாள். நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வா என்றுதான் வந்தது. அந்த நேரத்தில் மேனேஜரைவிடத் தன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகம்.

சாயங்காலம் ஜெயபாலன் கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். மனைவி லீடராகிவிட்டாள் என்று வரிசை வீடுகளில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தார். பிரேமலா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்குக் குடுக்கலைங்க."

அவர் காலி டப்பாக்களைப் பார்த்தார். "அப்ப சாப்பாடு?"

"எல்லாரும் சாப்பிட்டாங்க. நல்லா இருந்துச்சாம்."