பொமரேனியனின் குணமும் என் அத்தானின் தொண்டையும்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. செல்லப்பிராணிகளுக்கான மாத இதழ் ஒன்றின் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "துணைநாய் இனங்கள், அதுங்களோட தோற்றம், குணம்னு ஒரு கட்டுரை குடுங்க. சுருக்கமா இருக்கட்டும். உங்க குடும்பத்தை உள்ளே இழுக்காதீங்க" என்றார். முதல் பத்தி ஒழுங்காகத்தான் வந்தது:

'பக் நாய், சீன அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக வளர்க்கப்பட்ட இனம். மனிதர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கூடவே இருப்பதுதான் அதன் உத்தியோகம். அதன் சுபாவம்'

அங்கே நின்றுவிட்டது. சுபாவம் என்று எழுதியதும் அக்கா வீட்டு நாய் ஞாபகத்துக்கு வந்தது. அது பக் இல்லை, பொமரேனியன். அதன் பின்னாலேயே அத்தானும் வந்தார். குடும்பம் உள்ளே நுழைந்தாயிற்று.

2

அத்தானை எப்படி அறிமுகப்படுத்துவது? முதல் முயற்சி: 'அக்காவின் கணவர் ஒரு மௌனமான மனிதர்.' பச்சைப் பொய். அடித்துவிட்டேன்.

அவர் ஏலக்காரர். பழைய பீரோக்களும், மூடிப்போன ஓட்டல்களின் நாற்காலிகளும் வந்து குவியும் ஒரு கூடத்தில் மேசைமேல் ஏறி நின்று ஏலம் விடுவார். மைக் நீட்டினால் அவமானமாக எடுத்துக்கொள்வார். வீட்டில் அவர் தண்ணீர் கேட்டால் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். கத்திக் கத்தியே குரல்நாணில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். "கொஞ்ச நாள் ஓய்வு. அப்புறம் மெதுவாப் பேசிப் பழகணும். பேசாமலே விட்டா குரல் தேறாது" என்றார் டாக்டர்.

ஓய்வு முடிந்த அன்று குளியலறைக்குள் போய் ஏதோ சொல்லிப் பார்த்திருக்கிறார். உடைந்த ஊதல் மாதிரி ஒரு சத்தம் அக்காவுக்குக் கேட்டது. வெளியே வந்தவர் அதற்குப்பின் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு மெசேஜ் அனுப்பத் தொடங்கினார், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு.

"தோள் இடிக்கிற தூரத்துல இருந்துக்கிட்டு, உப்பு கம்மின்னு மெசேஜ் போடுறாருடா!" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள் அக்கா. சிரித்து முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

(இது சிரிப்புக் கதை. அவள் முகத்தைத் திருப்பியதை எழுதியிருக்கக் கூடாது. போகட்டும்.)

3

வீட்டில் நாய் இருந்தால் பேச்சு தானாக வரும் என்று அக்காவோடு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் சொன்னாள். அக்கா ஒரு பொமரேனியன் வாங்கினாள். "பரம சாதும்மா" என்றார் விற்றவர்.

கட்டுரைக்காகப் படித்தது இங்கே கைகொடுக்கிறது. பொமரேனியனின் முன்னோர்கள் வடக்கே பனியில் வண்டி இழுத்த பெரிய நாய்கள். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சின்னதாகப் பார்த்து இணை சேர்த்து, மடிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கினார்கள். உடம்பு சுருங்கிய தகவல் மட்டும் நாய்க்கு இன்னும் போய்ச் சேரவில்லை. எதிரே எவ்வளவு பெரிய நாய் வந்தாலும் எதிர்த்து நிற்கும். லிப்ட், குக்கர், காலிங் பெல், பக்கத்து வீட்டுத் தும்மல் எல்லாவற்றுக்கும் குரைக்கும்.

(சுருங்கிய நாய், சுருங்கிய குரல். இந்த ஒப்புமை தானாக வந்து மடியில் ஏறியது, நான் கூப்பிடவில்லை. இறக்கிவிடுகிறேன்.)

எல்லோரையும் அதட்டியதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் விழுந்தது. அத்தான் பேசவில்லை, பேச இடைவெளியே கிடைக்கவில்லை. நாயை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பார். அது அங்கே இருந்தபடியே ஊரை மிரட்டும். கடைசியில் கீழ்த்தளத்து வீட்டுக்காரம்மா மேலேறி வந்து, "நாய் போகணும், இல்லேன்னா நீங்க போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

4

ஞாயிற்றுக்கிழமை, நாயைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக விற்றவரே கூண்டோடு வந்தார். நானும் இருந்தேன். மேனேஜர் அவரைப் பார்த்துக் குரைத்த குரைப்பில் அவர் பேசியது ஒன்றுமே கேட்கவில்லை. அக்கா கூண்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். அப்போது அத்தான் எழுந்தார்.

என் முதல் வரைவு: 'அத்தான் நாயை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு தரம், ரெண்டு தரம் என்று தன் பழைய கம்பீரத்தோடு'

இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "என்னடா கதை விடுறே? அப்படியெல்லாம் அவர் சொல்லவே இல்ல. நீயும் அங்கதானே நின்னே? நடந்ததை எழுது" என்றாள்.

நடந்தது இதுதான். அத்தான் நாயின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "வாயை மூடு" என்றார்.

துருப்பிடித்த கீல் முனகுவது போன்ற குரல். மேனேஜர் சட்டென்று நிறுத்தியது. தலையைச் சாய்த்து அவர் வாயையே பார்த்தது. விற்றவரும் பேச்சை நிறுத்தினார்.

அக்கா மட்டும் ஆரம்பித்தாள். "இத்தனை மாசமா எவ்வளவு கெஞ்சியிருப்பேன்! ஒரு வார்த்தை உண்டா? முதல் பேச்சு நாய்க்கா? அதுவும் வாயை மூடுன்னா?" அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. கூண்டைத் தூக்கி விற்றவர் கையில் திணித்தாள். "நாய் இங்கேயே இருக்கட்டும், நீங்க கிளம்புங்க. டேய், நீயும் கிளம்பு."

கதவு சாத்தப்பட்டது. காலிக் கூண்டோடு மாடிப்படியில் நின்றோம். "பரம சாதுன்னு அப்பவே சொன்னேன்ல?" என்றார் விற்றவர்.

5

மேனேஜர் அங்கேதான் இருக்கிறது. குரைக்கிறது, அத்தான் அதட்டினால் பெரும்பாலும் அடங்குகிறது. ஓயாமல் அதட்ட வேண்டியிருப்பதால் குரலுக்குப் பயிற்சி தவறுவதில்லை. வீட்டுக்காரம்மாவிடம் அத்தானே போய்ப் பேசினார். அந்தக் குரலைக் கேட்டபிறகு அந்தம்மாவுக்குச் சண்டை போட மனசு வரவில்லை. ஏலக்கூடத்தில் இப்போது மைக் பிடிக்கிறார்.

ஒன்றுதான் பாக்கி. கதவு சாத்திய பிறகு அத்தான் அக்காவிடம் முதன்முதலாக என்ன சொன்னார்?

முடிவு ஒன்று: 'மன்னிச்சிடும்மா' என்றார். (அக்கா: "அவரா? அவங்க பரம்பரைக்கே அந்த வார்த்தை வராது.")

முடிவு இரண்டு: 'உப்பு கம்மி' என்றார். (அக்கா: "அதைச் சொல்லியிருந்தா அவரையும் கூண்டுல போட்டு அனுப்பியிருப்பேன்.")

சரியான பதிலை அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள். கேட்டால் காதோரம் சிவக்கிறது. அத்தானிடமே கேட்டேன். என் காதருகே குனிந்து சொன்னார். "எழுதிடாதே" என்றும் சொன்னார்.

எழுதவில்லை. அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், அது பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாது.